தனிக்குப் பிறகு என்ன பாடினார்கள்?

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவனுக்கு மார்கழி என்பது ஊரைவிட்டு நகரக்கூடாத மாதம். அந்த மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பதால் நகைக்கடைகளில் கூட்டம் குறைந்திருக்கும். ஆனால் தை பிறந்ததும் வரிசையாக வரும் கல்யாணங்களுக்கும் பொங்கல் விற்பனைக்கும் வேண்டிய கொலுசுகள் மார்கழியில்தான் கம்பியாக இழுக்கப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, மணி கோக்கப்பட்டு, மெருகேறி, கடைக்காரரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சென்னையின் சபாக்கள் அத்தனையும் காலையிலிருந்து இரவு வரை விளக்கேற்றி வைத்துக்கொண்டு கூப்பிடுவதும் அதே மாதத்தில்தான். 2004 முதல் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கச்சேரி, நடுவில் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இப்படிப் பயணம் செய்து இசை கேட்க நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு உதவக்கூடும் என்பதால், நான் செய்த தவறுகளையும் அவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஈரோட்டுக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே இரவில் ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சேலம் ஜங்ஷனில் ஏறினால் விடியும் முன் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். அன்றிரவு பதினொரு மணியையொட்டி அதே பெயருள்ள ரயில் திரும்பக் கிளம்பும், அதுவும் விடியும் முன்பே சேலத்தில் இறக்கிவிட்டுவிடும். (எங்கள் மலையின் பெயரைச் சுமந்துகொண்டு மலைப்பக்கமே தலைவைக்காமல் ஈரோட்டுக்கு ஓடும் ரயில் அது.) ஆக, இரண்டு இரவுகளை ரயிலுக்குக் கொடுத்தால் ஒரு முழுப் பகல் கச்சேரிக்குக் கிடைக்கும், பட்டறை ஒரே ஒரு நாள்தான் ஆளில்லாமல் இருக்கும், விடுதிச் செலவும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஒரு சபாவில் இலவசக் கச்சேரி, மதியம் இன்னொரு சபாவில் இளம் கலைஞர் ஒருவரின் கச்சேரி, நான்கு மணிக்கு ஒன்று, மாலையில் டிக்கெட் வாங்கி முக்கியமான ஒன்று என ஒரே நாளில் நான்கு கச்சேரிகளை நான் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. மாலைக் கச்சேரி ஒன்பது மணிக்கு மேல்தான் முடியும். டிசம்பர் மாதத்து மயிலாப்பூரில் அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து, வழியில் எதையாவது சாப்பிட்டு, சென்ட்ரலுக்குப் போய்ச் சேர்வது நடக்கக்கூடிய காரியம்தான்; ஆனால் ஒவ்வொரு முறையும் நடக்கும் என்று நம்ப முடியாது. 2006-இல் மங்களம் வரை உட்கார்ந்துவிட்டு வெளியே வந்த இரவில் ஆட்டோ நெரிசலில் சிக்கியது. நான் நடைமேடைக்குள் நுழைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கோயம்பேட்டுக்குப் போய், கிடைத்த பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் பயணம் செய்து, காலை எட்டு மணிக்கு மேல் பட்டறைக்கு வந்தபோது, ஆறு மணிக்கே சரக்கு எடுக்க வந்திருந்த வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவிலுள்ள பட்டறைக்குப் போயிருந்தார். அவர் பிறகு என்னிடம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து நான் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் முதலான தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் எழுந்துவிடும் பழக்கத்துக்கு வந்தேன். அரங்கில் பாதிப்பேர் அந்த நேரத்தில் கேன்டீனுக்கு எழுந்து போவதால் எனக்குக் கூச்சமாகக்கூட இருக்கவில்லை.

கூச்சத்தை ஏற்படுத்தியவர் அம்மாபேட்டையில் பையன்களுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியார். அவர் வீட்டில் எப்போதும் ஒரு மிருதங்கம் வார் அவிழ்ந்து கிடக்கும், இன்னொன்று ரவை பூசிக் காய்ந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்து திரும்பியதும் அவரிடம் போய் என்னென்ன கேட்டேன் என்று ஒப்பிப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. வர்ணம் என்ன, முதல் கிருதி என்ன, பிரதான ராகம் எவ்வளவு நேரம், வயலின்காரர் எப்படி என்றெல்லாம் ஆசையாகக் கேட்டுக்கொண்டே வருவார். பிறகு ஒரு கேள்வி வரும்.

“தனிக்கு அப்புறம் என்ன பாடினாங்க தம்பி?”

“ரயிலுக்கு நேரமாயிடுச்சுங்க ஐயா.”

முதல் சில தடவை அவர் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கையில் வைத்திருந்த கூழாங்கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ தனியையும் கேக்கலே. ரெண்டு மணி நேரம் இன்னொருத்தருக்காக வாசிச்சவன், பதினஞ்சு நிமிஷம் தனக்குன்னு வாசிக்கிறப்போ நீங்க எழுந்து வந்துட்டீங்க.” அவர் மிருதங்கக்காரர் என்பதை நான் அந்த நிமிடம் வரை ஒரு தகவலாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குத் தனி கேட்கச் சொல்லிக்கொடுத்தார், வாசிக்க அல்ல. அதை இங்கே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கர்நாடக இசைக் கச்சேரிக்குப் புதிதாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் கைவிடப்படுகிறார்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம் கொண்டது: ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இந்த எட்டும் சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம். பிரதான கிருதி இரண்டு களையில் அமைந்திருந்தால் ஒவ்வொரு அட்சரமும் இரட்டிப்பாக நீளும். அப்போது அவசரப்படாமல் ஒவ்வொரு தட்டையும் இரண்டு முறை போட வேண்டும். பாடகர் தொடையில் போடும் கையையே பார்த்துக்கொண்டு நம் கையிலும் அதைப் போட்டுவந்தால் போதும். மிருதங்கம் என்ன செய்தாலும் கை நிற்கக்கூடாது. “தப்பாப் போட்டாலும் போட்டுட்டே இருங்க, நிறுத்தினாத்தான் தொலைஞ்சீங்க” என்பார். முதலில் மிருதங்கம் நீண்ட நேரம் தனியாக வாசிக்கும். அடுத்து கடமோ கஞ்சிராவோ தன் முறையை எடுத்துக்கொள்ளும். பிறகு வருவது குறைப்பு. ஒருவர் வாசித்த அளவையே மற்றவர் திருப்பி வாசிக்க, அந்த அளவு ஓர் ஆவர்த்தனம், அரை, கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போய்விடும். அங்கிருந்து இருவரும் சேர்ந்து முடிவை நோக்கிப் போகும் மோரா வாசித்து, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டை மூன்று முறை வைத்து, பாடகர் விட்டுப் போயிருந்த அந்தப் பாட்டு வரியின் எடுப்பில், அதாவது அது தொடங்கும் இடத்தில், சரியாக வந்து இறங்குவார்கள். நம் கையும் தாளத்தை விடாமல் இருந்திருந்தால் அந்த இறக்கம் நமக்கும் நடக்கும். வானொலியிலும் பதிவுகளிலும் நூறு தனிகளைக் கேட்டிருந்தும் எனக்கு அது நடந்ததில்லை. காரணம், பதிவில் பாடகரின் கை தெரிவதில்லை.

இதைக் கற்றுக்கொண்ட பிறகும் நான் எழுந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். தனியின் நடுப்பகுதி வரை உட்கார்ந்தேன், அவ்வளவுதான் முன்னேற்றம். வியாபாரம் பயமுறுத்தியது.

சென்னையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் சேலத்துக்காரனுக்குள்ள ஒரு வசதியை மறைத்தவனாவேன். எங்களுக்குப் பெங்களூரு சென்னையைவிட நெருக்கம்; சாலை வழியாக இருநூறு கிலோமீட்டர்தான். அங்கே சாமராஜபேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், 1939-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ ராமசேவா மண்டலி, ராமநவமியையொட்டி ஒரு மாதத்துக்கும் குறையாமல் பந்தல் போட்டுக் கச்சேரிகள் நடத்துகிறது. மார்கழியில் பட்டறையை விட முடியாதவர்களுக்குச் சித்திரை மாதக் கச்சேரிகள் பெரிய ஆறுதல். திறந்த பந்தல் என்பதால் கோடை மழை பிடித்துக்கொண்டால் கூரையில் விழும் சத்தத்தில் ஆலாபனை கரைந்துபோகும். குடையை எடுத்துப் போவதைவிட, ஓரத்து நாற்காலியைத் தவிர்த்து நடுவில் உட்காருவது உபயோகமானது. சில்க் போர்டு சந்திப்பில் இரவு முழுவதும் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகப் போகும் பஸ்கள் நின்று ஏற்றிக்கொள்ளும் என்பதால் அங்கே கடைசி ரயிலின் பயம் கிடையாது. அந்தப் பயம் இல்லாத இடங்களில் என் காது வேறு மாதிரி வேலை செய்தது என்பதை நான் வெகு காலம் கவனிக்கவில்லை.

திருவையாற்றுக்கு நான் முதன்முதலில் போனது தவறான முறையில். தியாகராஜ சுவாமி (1767–1847) சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் பஞ்சரத்ன கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அந்த ஒரு காலைக்காக மட்டும் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, எட்டரை மணிக்குப் பந்தலை எட்டியபோது, உட்கார இடம் இல்லாமல் காவிரிப் படித்துறைப் பக்கம் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுதான் கேட்க முடிந்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களும் தகரத்தின் வழியாக வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு தஞ்சாவூரில் முதல் நாளே தங்கி, பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தை விடியற்காலை பஸ்ஸில் கடந்து, ஆறு மணிக்குப் பந்தலில் இருந்தேன். பாடுகிறவர்கள் எதிரெதிராக வரிசை வரிசையாகத் தரையில் உட்காருவார்கள். அந்த வரிசைகளுக்குப் பக்கவாட்டில், பாடத் தெரிந்த ஆனால் மேடைக்காரர் அல்லாத யாராவது ஒரு பெரியவருக்கு அருகில் இடம் பிடிப்பது நல்லது. ஒலிபெருக்கியின் மொத்தமான குரலுக்கு அடியில், ஒரு தனி மனிதர் ஆரபியில் சொற்களை விழுங்கிவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்வது அப்போதுதான் கேட்கும்.

பஞ்சமிக்கு முந்திய மாலைகளைத்தான் நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். ஆராதனை நாட்களில் பிற்பகலிலிருந்து இரவு வரை ஒருவர் பின் ஒருவராகச் சிறிய நேர அளவில் பாடியும் வாசித்தும் போவார்கள். பெரிய வித்வானுக்கும் நேற்று அரங்கேறிய பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம். கட்டணம் கிடையாது. ஒருவருக்கு ஒரு கிருதி, இரண்டு கிருதி மட்டும் என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஒரு பாடமாக இருக்கும். சமாதிக்குக் கட்டடம் எழுப்பி, பெண்கள் அங்கே பாடும் உரிமைக்காக வாதாடிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878–1952) சிலையும் அதே வளாகத்தில் சமாதியைப் பார்த்தபடி இருக்கிறது. கூட்டம் குறைந்த மாலை நேரத்தில்தான் அதன் முன் நிற்க முடியும். இன்னொன்று, எங்கள் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு சின்னக் கர்வம்: மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு என்பதால், அணையில் நீர் இருந்த ஆண்டாக இருந்து ஆராதனையும் ஜனவரியில் வந்துவிட்டால், படித்துறையில் ஓடிக்கொண்டிருப்பது எங்கள் மேட்டூர்த் தண்ணீர்.

நாதசுரத்தைத் தேடிப் போவதற்கு வேறு உடம்பு வேண்டும், வேறு செருப்பு வேண்டும். என் தந்தை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் (1924–2001) பக்தர். நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல்தான் என்பதால், அவரைச் சேலம் மாவட்டத்து வித்வான் என்று சொல்லும் உரிமையை என் தந்தை கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 1981-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்ததைத் தனக்கே அளித்ததைப் போலச் சொல்வார். நான் அவரை வானொலியின் காலை மங்கள இசையில்தான் கேட்டு வளர்ந்தேன். அதனாலேயே நாதசுரம் என்றால் ஒரு சிறிய பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒலி என்று என் காது பழகிப்போயிருந்தது. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைத் தேரன்று மல்லாரியை நேரில் கேட்டபோதுதான் அந்தக் கருவி சுவர்களுக்குள் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை என்பது புரிந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், சுவாமி புறப்படும் நேரத்தில், காலத்தை மாற்றி மாற்றி வாசிக்கப்படுவது. வீதியின் ஒரு முனையில் அது தொடங்கும்போது மறுமுனையில் நின்றிருந்த எனக்கு முதலில் தவிலின் அதிர்வுதான் வயிற்றில் வந்தது. பிறகுதான் குழலின் ஒலி.

அங்கே நான் கற்ற நடைமுறைப் பாடம், வாசிப்பவருக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது என்பது. ஆர்வத்தில் எல்லோரும் நாதசுரத்தின் அணசுக்கு, விரிந்த வாய்ப்பகுதிக்கு, முன்னால் போய் நிற்கிறார்கள். பத்து நிமிடத்தில் காது மரத்துப்போகும். தவிலின் பக்கம் நின்றாலோ, மாவுப்பசையில் துணி தோய்த்துச் செய்த விரல் கூடுகளின் வீச்சு மறுநாள் வரை ஒலித்துக்கொண்டிருக்கும். இருபது முப்பது அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நடந்துகொண்டே போக வேண்டும். சுவாமி நிற்கும் இடத்தில்தான் ராகம் விரியும் என்பதால், ஊர்வலம் எந்த மூலையில் நிற்கும் என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அங்கே முன்கூட்டியே போய்த் திண்ணையில் உட்காருவது அனுபவசாலிகளின் வழி. சேலம் டவுன் ரயில் நிலையத்திலிருந்து விருத்தாசலம் பாதையில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் சிதம்பரம் எளிது. ஒரு பையில் தட்டுவடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்னியையும் துருவிய பீட்ரூட்டையும் சேர்த்து ‘செட்’டாகக் கட்டிக்கொண்டு போன என் நண்பர் ஒருவர் ஆத்தூர் தாண்டும் முன்பே வருந்தினார்.

ஒரு நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போனேன். பத்மநாப சுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒவ்வொரு மாலையும் சுவாதித் திருநாளின் கிருதி ஒன்றை மையமாக வைத்துப் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி கிடையாது, விளக்கொளிதான், கைதட்டல் கூடாது. ஆண்கள் வேட்டியுடன் மேல்சட்டையின்றி உட்கார வேண்டும். பெண் ஒருவர் அங்கே பாட முடிந்ததே 2006-இல் பாறசாலை பொன்னம்மாளிலிருந்துதான். கைதட்டல் இல்லாத இடத்தில் ஒரு கிருதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள மௌனத்தை ரசிகனும் சுமக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நடமாடலாம் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. மறுநாள் மாலையில்தான் எனக்குத் திரும்பும் ரயில். கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டது எனக்குப் பல ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

விளங்கியது 2020-இல். தொற்றுக் காலத்து மார்கழியில் சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் வைத்தபோது, நான் பட்டறையின் மேல்மாடியில் கணினிக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்பதற்கு அது ஒன்றும் அரங்குக்கு ஈடாகவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், வெறும் தட்டலாக வந்தது. ஆனால் பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை. தனி முடிந்தது, பாடகர் தண்ணீர் குடித்தார், வயலினைப் பார்த்துச் சிரித்தார், பிறகு ஒரு விருத்தம், தாளம் இல்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள், தொடங்கினார். ராகம் ராகமாக மாறிக்கொண்டே போன அந்த விருத்தத்தில், அதுவரை இரண்டு மணி நேரம் கட்டிக்காத்த இறுக்கமெல்லாம் அவரிடமிருந்து கழன்று விழுவதைப் பார்த்தேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துக்கொடுத்த கச்சேரி முறையில் கனமானவை முதலிலும் நடுவிலும் வந்து, விருத்தம், பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா ஆகியவை பின்னால் வருகின்றன. பிரதான உருப்படி முடிந்தால் கச்சேரி முடிந்தது, மற்றதெல்லாம் துக்கடா, சில்லறைப் பாட்டு, என்று பெயரை வைத்தே நான் தீர்மானித்துவிட்டிருந்தேன். பதினாறு மார்கழிகள் சென்னைக்குப் போய் வந்தவன், கச்சேரியின் கடைசி முப்பது நிமிடங்கள் எப்படி இருக்கும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டை மாடியில் கண்டேன்.

அதே சமயத்தில் என் மனைவி பழைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்து இன்னொரு உண்மையையும் எடுத்து வைத்தாள். நான் இரண்டு இரவு ரயிலில் கழித்துவிட்டுத் திரும்பிய மறுநாட்களில்தான் எடைப் பிழைகள் அதிகம் நேர்ந்திருந்தன. ஒரு முறை ஒரு வியாபாரிக்கு ஒரே கட்டில் முப்பது கிராம் கூடுதலாகப் போயிருந்தது. “ஒரு நாள் லீவுன்னு சொல்லிட்டுப் போறீங்க, வந்து ரெண்டு நாள் தூங்கிக்கிட்டே தராசைப் பாக்கறீங்க” என்றாள். விடுதிச் செலவை மிச்சம் பிடித்த என் கணக்கு வெள்ளியில் கரைந்திருந்தது.

2021 முதல் நான் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். ஆண்டுக்கு நான்கு சென்னைப் பயணங்களை இரண்டாகக் குறைத்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் இரவு தங்குகிறேன். எதைக் கேட்பது என்பதற்கு முன்னால், மறுநாள் எப்படித் திரும்புவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறேன். ரயிலில் முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தபோது, கச்சேரி அட்டவணை வெளியாகும் முன்பே டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு யார் பாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாட்களாகிவிட்டதால், நவம்பரில் சபாக்களின் அட்டவணை வர வர, டிசம்பர்ப் பின்பாதிக்கு ஓரளவு கணக்கிட்டு எடுக்க முடிகிறது. தட்கலை நம்பிக் கச்சேரி டிக்கெட் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் போனால் பஸ் இருக்கிறது என்ற பழைய தைரியமும் இனி உதவாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, மயிலாப்பூரிலிருந்து நள்ளிரவில் அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம். கதீட்ரல் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையம் வரை நடந்துவிட்டால் சென்ட்ரல் சில நிலையங்கள்தான். 2006-இல் எனக்கு அது இருந்திருந்தால் அந்த வியாபாரி இன்றும் என்னிடம் வந்துகொண்டிருப்பார்.

ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரிகளுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் காது கேட்கும், மனம் கேட்காது. முதல் கச்சேரியின் தோடியும் இரண்டாவதன் பைரவியும் கலந்து, மூன்றாவதில் என்ன பாடினாலும் இன்னொன்றைப் போலத் தோன்றும். காலை அல்லது பிற்பகலில் இளைஞர் ஒருவரின் இலவசக் கச்சேரி, நடுவில் இரண்டு மணி நேரம் கடற்கரையிலோ விடுதிக் கட்டிலிலோ ஓய்வு, மாலையில் ஒன்று என்பதே என் அளவு. கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பந்தி சாப்பாட்டை முடித்துவிட்டு நேராகப் போய் விளம்ப கால ஆலாபனைக்கு உட்காராதீர்கள்.

அட்டவணையைப் பார்க்கும்போது பாடகரின் பெயரோடு நின்றுவிடாமல் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் பாருங்கள். பிடித்த பாடகர் ஐந்து சபாக்களில் பாடுகிறார் என்றால், எந்த நாளில் யார் மிருதங்கம், கூடக் கஞ்சிராவா கடமா என்பதை வைத்தே நான் நாளைத் தேர்ந்தெடுக்கிறேன். இருக்கையைப் பொறுத்தவரை முதல் வரிசைகள் எனக்கு ஒத்துவருவதில்லை. மேடையோரத்து ஒலிபெருக்கிகளின் நேர்க்கோட்டில் மாட்டிக்கொள்வோம். அரங்கின் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் முன்னால், பாடகரின் தாளம் போடும் கை மறைக்கப்படாத பக்கமாக உட்காருவது போதும். சில சபாக்களில் ஒலியளவை ஏன் அவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு முறை வீணைக் கச்சேரியில் நரம்பை மீட்டும் நகத்தின் உரசல் இடியாக வந்தது; கலைஞரே இரண்டு தடவை சைகை காட்டியும் குறையவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பால்கனிக்குப் போய்விடுவேன், டிக்கெட்டும் மலிவு. கைபேசியில் ராகத்தின் பெயரைத் தேடுவதையும் விட்டுவிட்டேன். ஒரு சின்ன நோட்டில், தெரியாத ராகத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்; ஊருக்குத் திரும்பும் ரயிலில் யோசித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா.

போன மார்கழியில் ஒரு மாலைக் கச்சேரிக்கு மனைவியும் வந்தாள். தனி தொடங்கியதும் எங்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர் முழங்காலை இடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு களை என்பதால் இடையில் ஒருமுறை தொலைந்து, பாடகரின் வீச்சைப் பார்த்துத் திரும்பப் பிடித்தேன். எடுப்பில் இறங்கியபோது மனைவி, ஏதோ கீழே விழுந்துவிட்டதோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு ஒரு விருத்தமும், ஒரு திருப்புகழும், பெஹாகில் ஒரு தில்லானாவும், மங்களமும் கேட்டோம். மறுநாள் காலை ஆறு மணியையொட்டிக் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்து, முற்பகலில் சேலத்தில் இறங்கி, பட்டறையைத் திறந்துவிட்டு, மாலையில் அம்மாபேட்டைக்குப் போனேன்.

வாத்தியாருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். நோட்டைப் பிரித்து வர்ணத்திலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே தனிக்குப் பிறகு பாடியவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“குறைப்பு எந்த நடையில எடுத்தாங்க?”

“மிஸ்ரம்னு நெனைக்கறேங்க ஐயா.”

“நெனைக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே எழுந்து போய், பையன்கள் பாடம் செய்யும் பலகையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.